ஐந்து சொட்டு போதும்

வாசகர் கேள்வி, மருந்தாளுநர் பதில்

(பதில் எழுதுபவர் வேலூர் சத்துவாச்சாரியில் 23 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறார்.)

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சீரம் பற்றியவை, அதாவது சொட்டுச் சொட்டாக எடுத்து முகத்தில் பூசும் மருந்துத் திரவம். கடையிலும் இப்போது அதுதான் பேச்சு. முன்பெல்லாம் "முகத்துக்கு ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டவர்கள், இன்று செல்போனைக் கல்லா மேல் வைத்து "நியாசினமைடு பத்து பர்சென்ட் இருக்கா அக்கா?" என்கிறார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான். எதைப் பூசுகிறோம் என்று தெரிந்து பூச நினைக்கிறார்கள். ஆனால் அதே பிள்ளைகள் நாலு பாட்டிலுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, பத்தாம் நாள் முகம் எரிகிறது என்று வந்து நிற்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க முகத்துக்கே.

கே: ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன் அக்கா. வயது 26. எண்ணெய் வடியும் முகம். பரு நின்றுவிட்டது, ஆனால் கன்னம் முழுக்கக் கரும்புள்ளி. மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எனக்கென்று எடுக்க முடியாது. அதற்குள் சீரம் வாங்கிப் பூச முடியுமா?
வாசகி, ஆம்பூர்

ப: முடியும் தங்கச்சி. ஆனால் முதல் மாதம் சீரம் வாங்காதீர்கள். முதல் மாதப் பணத்தில் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். பரு ஆறின இடத்தில் நிறமி கூடிப்போய் நிற்பதுதான் உங்கள் கரும்புள்ளி. வெயில் பட்டால் அது இன்னும் அழுத்தமாகும். சீரம் ஒரு பக்கம் புள்ளியை மங்க வைக்க, வெயில் இன்னொரு பக்கம் கறுக்க வைத்தால், காசு போனதுதான் மிச்சம். வெயிலூர் என்று பேர் வாங்கிய வேலூர் பக்கம் இருக்கிறோம், சித்திரை வைகாசியில் நூறு டிகிரியைத் தாண்டாத நாளே குறைவு.

எஸ்பிஎஃப் 30, பிஏ மூன்று ப்ளஸ் (தோலைக் கறுக்க வைக்கும் யுவிஏ கதிருக்கான அளவு) போட்ட ஒரு 50 கிராம் ட்யூப் முந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கும். எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இன்னொரு இருநூறு கொடுக்க வேண்டாம். பூசுகிற அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டுக்கும் பூச வேண்டும். அப்படிப் பூசினால் அந்த ட்யூப் ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும். ஆறு மாதம் வருகிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அவர்கள் பூசுவது பொட்டு அளவு என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பூசச் சொல்வது வெயிலில் நிற்பவர்களுக்கு. நீங்கள் பகல் முழுக்க கூரைக்குக் கீழே இருப்பவர். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் முன் ஒரு தரம் நன்றாகப் பூசினால் போதும், சாயங்காலம் துப்பட்டாவோ குடையோ பார்த்துக்கொள்ளும். ராத்திரிக்கு, வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் ஒன்று, நூற்றைம்பது ரூபாய்க்குள். வாரிப் பூசாமல் இருந்தால் நாலு மாதம் வரும்.

சரி, இரண்டாவது மாதம் சீரம். உங்கள் முகத்துக்கு நியாசினமைடு பொருந்தும். விட்டமின் பி3-யின் ஒரு வகை அது. எண்ணெய் சுரப்பதைக் கொஞ்சம் குறைக்கும், புள்ளியையும் மங்க வைக்கும். எப்படி என்றால், உங்கள் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங்கில் வெட்டின அப்பர் (ஷூவின் மேல்பாகம்) எல்லாம் தையலுக்கு வந்து சேர வேண்டும் அல்லவா? தோலிலும் அப்படித்தான். கீழ் அடுக்கில் ஒரு செல் நிறமியைச் செய்கிறது, மேலே இருக்கும் செல்களுக்குப் பொட்டலமாக அனுப்புகிறது. நியாசினமைடு கட்டிங்கை நிறுத்துவதில்லை, தையலுக்குப் போகிற வழியை மறிக்கிறது. அதற்கு 5 சதவீதமே போதும். கடையில் 10 தான் அதிகம் வருகிறது. அதுவும் பரவாயில்லை, முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி பூசுங்கள்.

இப்போது காசு மிச்சமாகிற இடத்துக்கு வருகிறேன். கடையில் கூட்டமில்லாத ஒரு மதியம், காலி சீரம் பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அந்த ரப்பர் மூடியை அமுக்கிச் சொட்டுச் சொட்டாக ஒரு மி.லி. சிரிஞ்சுக்குள் விட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய இருபது சொட்டு பிடித்தது. அதே ரப்பரை முழுசாக அமுக்கி இழுத்தால் ஒரே இழுப்பில் முக்கால் மி.லி.க்கு மேல் வருகிறது. பாட்டில் 30 மி.லி. விளம்பரத்தில் காட்டுவது போல ராத்திரிக்கு ஒரு குழாய் நிறைய முகத்தில் விட்டால் நாற்பது நாள் தாண்டாது. ஐந்து சொட்டு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் ஒற்றினால் நாலு மாதம். பாட்டில் ஐந்நூறு ரூபாய் என்றால் மாதத்துக்கு நூற்றி இருபத்தைந்து. சன்ஸ்கிரீன் முந்நூறு, மாய்ஸ்சரைசர் பங்கு நாற்பது. உங்கள் ஐந்நூறுக்குள் அடங்கிவிட்டது, பஸ்ஸுக்கும் முப்பத்தைந்து ரூபாய் மீதி.

எட்டு வாரம் வரை கண்ணாடியில் எதுவும் தேடாதீர்கள். மாதம் ஒரு தரம், ஒரே ஜன்னல் பக்கம் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். பன்னிரண்டாவது வாரம் முதல் போட்டோவோடு வைத்துப் பார்த்தால் தெரியும்.

கே: வயது 34. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தெரிந்தவர் சொல்லி ஒரு ட்யூப் க்ரீம் இரண்டு வருடமாகப் பூசுகிறேன். நல்ல நிறம் வந்தது. இப்போது இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் எரிந்து சிவக்கிறது, தாடையில் ரோமமும் வருகிறது. அதை விட்டுவிட்டு விட்டமின் சி சீரம் போடலாமா மேடம்?
வாசகி, ஆற்காடு

ப: சகோதரி, சீரம் பேச்சு அப்புறம். 'இரண்டு நாள் விட்டால் எரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

நான் படித்து முடித்து, வேறொருவர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே இந்த ட்யூபுக்குப் பெயரே 'கலர் க்ரீம்'. டாக்டர் சீட்டு கேட்க மாட்டோம், எடுத்துக் கொடுப்போம். நானும் கொடுத்திருக்கிறேன். காலேஜ் போகும் பெண் ஒருத்தி மாதம் ஒன்று வாங்குவாள். முதல் இரண்டு மாதம் முகம் பளிச்சென்று இருந்தது, தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மதியம், துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு தனியாக வந்தாள். துணியை விலக்கினாள். கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, அதற்குள் சிவப்பு நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடை முழுக்கப் பொடிப் பொடியாகப் பரு. "அக்கா, நீங்கதானே குடுத்தீங்க" என்றாள். திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் நானே அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். முகம் தேற ஒன்றரை வருடம் ஆனது. என் சொந்தக் கடையில் இன்றுவரை அந்த ட்யூப் சீட்டு இல்லாமல் கல்லாவைத் தாண்டியதில்லை.

உங்கள் ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் லேபிளைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் இதில் ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். இவை ஸ்டீராய்டு, அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் மருந்து. இவற்றோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் சேர்த்த மூன்று மருந்துக் கலவை ஒன்று மங்குக்கே உள்ளது. அது கெட்ட மருந்து அல்ல. தோல் மருத்துவர் பார்த்து, சில வாரத்துக்கு மட்டும் என்று கணக்குப் போட்டுத் தருவது. அதையே பவுடர் மாதிரி இரண்டு வருடம் பூசினால் தோல் மெலிந்து, மருந்து இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை அட்டவணை எச்-சுக்குள் கொண்டு வந்தது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ட்யூபின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது அழகு சாதனம் இல்லை, மருந்து. லேபிளே இல்லாத டப்பா என்றால் இன்னும் மோசம். வெளுக்க வைக்கும் சில க்ரீம்களில் பாதரசம் கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நீங்களாகவே இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது, நடுவில் எரிச்சலுக்கு என்ன தருவது என்பதை அவர்தான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம், செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். மறைக்காதீர்கள். அதுவரை வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெறும் தண்ணீர், குடை. கடலை மாவு, ஸ்க்ரப், பார்லர் ஃபேஷியல், சீரம் எதுவும் கூடாது. நீங்கள் கேட்ட விட்டமின் சி அமிலத்தன்மை உள்ளது, இப்போது அந்தத் தோலில் பட்டால் தீயில் எண்ணெய்.

முகம் தேறின பிறகு மங்குக்கு வருவோம். அப்போது அசெலாயிக் ஆசிட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விலை தாங்கும், பால் கொடுப்பவர்களுக்கும் தருகிறார்கள். சன்ஸ்கிரீனில் தோல் நிறம் கலந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு, சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காத வெளிச்சத்தையும் தடுக்கும். மங்குக்கு அந்த வெளிச்சமும் ஆகாது. கர்ப்பத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், மங்கை அது கூட்டலாம். மங்கு மங்கும், மறுபடி எட்டியும் பார்க்கும். ஒரு வெயில் காலம் அசட்டையாக இருந்தால் திரும்பிவிடும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் அடுத்த 'கலர் க்ரீம்' பக்கம் கை போகாது.

கே: காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். வயது 20. ஆஃபரில் விட்டமின் சி, நியாசினமைடு, ரெட்டினால் 1 சதவீதம், சிவப்பு நிறத்தில் ஒரு பீலிங் திரவம் நான்கும் வாங்கினேன். எல்லாவற்றையும் பயன்படுத்தி இரண்டு வாரத்தில் முகம் உரிகிறது. தண்ணீர் பட்டாலே எரிகிறது. எந்த வரிசையில் பூச வேண்டும் அக்கா?
வாசகி, காட்பாடி

ப: எந்த வரிசையிலும் வேண்டாம் பாப்பா. நான்கையும் அலமாரியில் வைத்துப் பூட்டு. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றால் தோலின் மேல் பூச்சு போய்விட்டது. வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பெயின்ட் அடித்தால் நிற்குமா? முதலில் சுவர் ஆறட்டும். நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷ் சாயங்காலம் ஒரு வேளை, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர், உரிகிற இடத்தில் ராத்திரி மெல்லிசாக வாஸ்லின். காலையில் சன்ஸ்கிரீன், அதுவும் எரிந்தால் குடை. மூன்று நாலு வாரம் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீக்கமோ நீர் கோர்த்த கொப்புளமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போ.

2016-ல் கனடாவில் டெசியம் என்ற நிறுவனம் 'தி ஆர்டினரி' என்ற பெயரில், மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் பாட்டில் முகப்பிலேயே போட்டு மலிவு விலையில் விற்கத் தொடங்கியது. அதன் பிறகு நம் நாட்டிலும் அதே வழியில் பல கம்பெனிகள் வந்தன. நல்ல விஷயம்தான், ஐயாயிரம் ரூபாய்க்கு விற்றதை ஐந்நூறுக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் எண்ணைப் பெரிதாகப் போட்டதும், பரீட்சை மார்க் மாதிரி அதிகம் இருந்தால் நல்லது என்று நாம் எடுத்துக்கொண்டோம். ரெட்டினால் என்பது சுருக்கத்துக்குப் பூசும் விட்டமின் ஏ வகை. அதை 0.2, 0.3 சதவீதத்தில், வாரம் இரண்டு ராத்திரி என்றுதான் தொடங்குவார்கள். நீ எடுத்த எடுப்பில் 1. அந்தச் சிவப்புத் திரவம், தோலின் மேல் அடுக்கை உரிக்கும் 30 சதவீத பழ அமில வகையாக இருந்தால், பழகின தோலுக்கே பத்து நிமிடத்தில் கழுவ வேண்டியது.

தோல் ஆறின பிறகு ஒன்றே ஒன்றை எடு. நீ பருவோ புள்ளியோ எதையும் எழுதவில்லை. அப்படியென்றால் இருபது வயதில் ரெட்டினாலுக்கு வேலையே இல்லை. நியாசினமைடு வேண்டுமானால் காதுக்குப் பின்னால் மூன்று ராத்திரி பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போ. விட்டமின் சி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார். வாங்கும்போது தண்ணீர் மாதிரியோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தது டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தால் கெட்டுவிட்டது. மே மாதம் காட்பாடி ஹாஸ்டல் அறையில் ஜன்னலோரம் வைத்தால் அது சீக்கிரம் நடக்கும். பீலிங் திரவத்தை யாருக்கும் இலவசமாகக்கூடக் கொடுக்காதே.

கே: மகன் பிளஸ் டூ படிக்கிறான். நெற்றியும் கன்னமும் பருவாக இருக்கிறது, சிலது வலிக்கிறது. அவன் பாட்டி தினமும் தலையில் எண்ணெய் வைத்து, முகத்துக்கு எலுமிச்சையும் அரிசி மாவும் தேய்க்கிறார். அவன் ஏதோ சீரம் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
வாசகி, குடியாத்தம்

ப: வாங்கித் தரலாம் அம்மா. முதலில் பாட்டியின் மனசு நோகாமல் மூன்றை நிறுத்த வேண்டும். எலுமிச்சைச் சாறு தோலுக்குத் தாங்காத புளிப்பு, அதோடு வெயிலில் போனால் கறுத்துக் கொப்பளிக்கும். அரிசி மாவு பருவைத் தேய்த்து உடைக்கும், உடைந்த பரு குழி விழும். தேங்காய் எண்ணெய் தலையிலிருந்து நெற்றிக்கு வடிந்து துவாரத்தை அடைக்கும். எண்ணெயே கூடாது என்றால் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும் முன் ஒரு மணி நேரம் வைக்கட்டும், மற்ற நாள் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒப்பந்தம்தான் நடந்தது.

சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் எண்ணெயில் கரையும், அதனால் அடைத்த துவாரத்துக்குள் இறங்கும். மூக்கில் இருக்கும் கருமுள்ளுக்கும் (ப்ளாக்ஹெட்) நெற்றிப் பொடிப் பருவுக்கும் அது நல்லது. சிவந்த பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல். 10 சதவீதம் வேகமாகக் கேட்கும் என்று நினைக்க வேண்டாம், 2.5-ம் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது, எரிச்சல் குறைவு. ஒரு எச்சரிக்கை, அது துணிச் சாயத்தை வெளுத்துவிடும். என் மகன் பூசின காலத்தில் நீலத் தலையணை உறை இரண்டும் திட்டுத் திட்டாக வெளுத்துப் போனது. வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம், மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

வலிக்கிற பரு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழத்தில் கட்டியாக இருப்பது சீரத்துக்கு அடங்காது, தழும்பும் நிற்கும். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாமல் ஒரு தரம் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடாபலீன் போன்ற பரு மருந்தை அவர் எழுதித் தந்தால், இந்த எல்லாச் சீரத்தையும்விட அந்தச் சின்ன ட்யூப் அதிகம் செய்யும்.

கே: ஆட்டோ ஓட்டுகிறேன். வயது 41. பின் கழுத்து கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஆகிவிட்டது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தும் போகவில்லை. கிளைகாலிக் ஆசிட் சீரம் போட்டால் போகுமா மேடம்?
வாசகர், வேலூர்

ப: அண்ணா, அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் இப்படி வரும். சீரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் நாளைக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு குறையக் குறையக் கழுத்தும் தெளியும். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் இன்னும் தடிக்கும்.

கே: எங்கள் பகுதியில் போர் தண்ணீர் ஒரே உப்பு. எந்த சோப்புப் போட்டாலும் முகம் இழுத்துப் பிடிக்கிறது. சீரம் வேலை செய்யுமா?
வாசகி, வாலாஜாபேட்டை

ப: செய்யும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்தால் முகத்தில் ஒரு படிவு நிற்கும், பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே அது மாதிரி. இழுப்பு அதனால்தான். சோப்புக்குப் பதில், சோப்பு இல்லாத ஃபேஸ்வாஷ் அல்லது சின்டெட் பார் (பார்க்க சோப்புக் கட்டி, ஆனால் சோப்பு கலக்காதது) என்று கேட்டு வாங்குங்கள். கடைசியாக அலசும்போது மட்டும் குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர். ஃபில்டர் எதுவும் வாங்க வேண்டாம்.

கே: எனக்கு இது நாலாவது மாதம். கர்ப்பம் என்று தெரியும் முன் மூன்று மாதமாக ரெட்டினால் சீரம் பூசிக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது. இப்போது எதைத்தான் பூசலாம்?
வாசகி, இராணிப்பேட்டை

ப: இன்றோடு நிறுத்திவிடுங்கள், பயப்படாதீர்கள். பிள்ளைக்குக் கெடுதல் என்று உறுதியாகத் தெரிந்தது, பருவுக்காக வாயில் போடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. முகத்தில் பூசுவது ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். இருந்தாலும் ரெட்டினாலும் அதே விட்டமின் ஏ குடும்பத்து மருந்து என்பதால் கர்ப்பத்தில் பூச வேண்டாம் என்று நிறுத்தி வைக்கிறோம். அடுத்த செக்கப்பில் எத்தனை வாரம் பூசினீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் மனசும் ஆறும்.

நியாசினமைடு பூசலாம், விட்டமின் சி பூசலாம், பரு வந்தால் அசெலாயிக் ஆசிட்டை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பூசலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் சன்ஸ்கிரீன் ஒன்று வாங்குங்கள், இந்த மாதங்களில்தான் மங்கு விழும். மற்றது குழந்தை பால் மறந்த பிறகு. அந்த ரெட்டினால் பாட்டிலின் பின்னால், மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6 என்றோ 12 என்றோ போட்டிருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான் அதன் ஆயுள். நீங்கள் மறுபடி பூசலாம் என்கிற நாளுக்குள் அது முடிந்துவிடும். எடுத்து வைக்காதீர்கள், இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள்.